பஞ்சம் முடிந்த தேதி

மணிமேகலையைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் 'பசிப்பிணி' என்ற சொல்லருகே சற்று நின்றுவிடுவது என் வழக்கம். பசியைப் பிணி என்று அழைத்த மரபு நம்முடையது. பிணி என்றால் அதற்கு மருந்தும் உண்டு. அந்த மருந்து சோறு. முனிவரின் சாபத்தால் காயசண்டிகையைப் பற்றிய யானைத்தீ என்னும் தீராப் பசி, பன்னிரண்டு ஆண்டுகளாக எதை உண்டும் அடங்காத பசி, அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால் தணிந்துவிடுகிறது. உணவு வந்தது, நோய் நீங்கியது. காப்பியத்தின் தர்க்கத்தில் குழப்பம் ஏதுமில்லை.

பஞ்சங்களின் வரலாற்றை எழுதுகிறவர்களும் பெரும்பாலும் இந்தத் தர்க்கத்தையே கைக்கொள்கிறார்கள். பஞ்சம் தொடங்கிய மாதம், உச்சத்தைத் தொட்ட மாதம், இறந்தவர்களின் தொகை, நிவாரணம் வந்த நாள் என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். பிழைத்தவர்கள் அதன்பின் வேறோர் அத்தியாயத்தின் மாந்தர்கள். ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் மருத்துவ ஆய்வாளர்கள் சேர்த்திருக்கும் சான்றுகளைப் படிக்கும்போது, அந்தக் கோட்டை எந்தத் தேதியில் இழுப்பது என்பதே ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. சர்க்கரை நோய், மாரடைப்பு, உடற்பருமன், முதுமையின் தளர்ச்சி என்று நாம் தனித்தனிப் பெயர்களில் அழைக்கும் பலவற்றிலும் ஒரு பழைய பசியின் பங்கு இருக்கக்கூடும் என்று அவை சொல்கின்றன. இந்தச் சிந்தனைக்கு வலுவான அடித்தளம் இட்டது, 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நேர்ந்த பஞ்சம். டச்சு மக்கள் அதைப் 'பசிக் குளிர்காலம்' என்றே அழைக்கிறார்கள்.

*

1944 செப்டம்பர் 17 அன்று நேச நாட்டுப் படைகள் நெதர்லாந்தின் ஆற்றுப் பாலங்களைக் கைப்பற்றும் நோக்கத்துடன் பெரும் வான்வழித் தாக்குதலைத் தொடங்கின. அதற்குத் துணையாக, லண்டனில் இயங்கிவந்த நாடு கடந்த டச்சு அரசு, ரயில்வே தொழிலாளர்களை வேலைநிறுத்தம் செய்யுமாறு அழைத்தது. விடுதலை சில நாட்கள் தொலைவில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ரயில்கள் நின்றன. ஆனால் ஆர்ன்ஹெம் பாலம் வசப்படவில்லை, தாக்குதல் தோற்றது. தெற்குப் பகுதி விடுபட, பெரிய ஆறுகளுக்கு வடக்கே இருந்த பகுதி ஜெர்மானியர் பிடியிலேயே தங்கிவிட்டது. வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்கும் விதமாக, ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் சேஸ்-இன்க்வார்ட், மேற்கு மாகாணங்களுக்கு உணவு கொண்டுசெல்வதைத் தடைசெய்தார்.

ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக், லெய்டன், யூட்ரெக்ட் ஆகிய பெருநகரங்கள் அந்த மேற்குப் பகுதியில் இருந்தன. நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த வேளாண் மாவட்டங்களில் தானியமும் உருளைக்கிழங்கும் இல்லாமல் போய்விடவில்லை. அவை நகரத்தை வந்தடையும் வழிதான் இல்லாமல் போயிற்று. நவம்பரில் நீர்வழிப் போக்குவரத்துக்கு ஓரளவு அனுமதி கிடைத்தது. ஆனால் எரிபொருள் இல்லை; சற்று நாட்களில் கடுங்குளிர் வந்து கால்வாய்கள் உறைந்தன. படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன.

ஆம்ஸ்டர்டாமில் பெரியவர் ஒருவருக்கான அன்றாட ரேஷன் 1943 டிசம்பரில் சுமார் 1,800 கலோரியாக இருந்தது. 1944 அக்டோபரில் அது 1,400 ஆயிற்று. நவம்பர் இறுதியில் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. டிசம்பரிலிருந்து மறு ஆண்டு ஏப்ரல் வரை 400-க்கும் 800-க்கும் இடையே ஊசலாடியது. கருவுற்ற பெண்களுக்குக் கூடுதல் பங்கீடு என்ற விதி இருந்தது. பஞ்சத்தின் உச்சத்தில் அந்தக் கூடுதலைத் தர எதுவும் கையிருப்பில் இல்லை.

மக்கள் சர்க்கரைக் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். டியூலிப் மலர்ச் செடியின் கிழங்கைத் தின்றார்கள். வீட்டில் இருந்த துணிமணிகளையும் நகைகளையும் எடுத்துக்கொண்டு, டயர் இல்லாத சைக்கிள்களில், நாட்டுப்புறப் பண்ணைகளைத் தேடிப் பெண்கள் பல நாட்கள் பயணம் போனார்கள். விறகுக்காக நகரத்து மரங்கள் வெட்டப்பட்டன. டிராம் தண்டவாளங்களுக்கு இடையே இருந்த மரக்கட்டைகள் பெயர்க்கப்பட்டன. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் காலி வீடுகளிலிருந்து உத்திரங்களும் கதவுகளும் போயின. பஞ்சத்தில் சுமார் 20,000 பேர் மாண்டார்கள் என்பது மதிப்பீடு.

1945 ஏப்ரல் 29 அன்று பிரிட்டிஷ் விமானங்கள் குண்டுகளுக்குப் பதிலாக உணவு மூட்டைகளை வீசத் தொடங்கின. மே 5 அன்று ஜெர்மானியப் படைகள் சரணடைந்தன. ஜூன் மாதத்தில் ரேஷன் 2,000 கலோரியைத் தாண்டிவிட்டது. வரலாற்றாசிரியர் கோடு இழுக்கும் இடம் இதுதான்.

*

இந்தப் பஞ்சத்தைவிடக் கொடிய பஞ்சங்கள் அதே போரில் நேர்ந்தன. 1943-இல் வங்காளத்தில் மாண்டவர்களின் தொகைக்கு முன் இது மிகச் சிறியது. ஆயினும் மருத்துவ ஆய்வு நெதர்லாந்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணங்கள் இருந்தன. பஞ்சத்துக்கு முன்பு அந்த மக்கள் ஓரளவு நன்றாகவே உண்டவர்கள். பின்பும் விரைவிலேயே நன்றாக உண்டவர்கள். இடையில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் மட்டும், செல்வர் வறியவர் என்ற வேறுபாடு பெரிதும் குறைந்து, நகரம் முழுவதும் பட்டினி கிடந்தது. வாரந்தோறும் எவ்வளவு ரேஷன் வழங்கப்பட்டது என்ற கணக்கு இருந்தது. பிறப்புப் பதிவேடுகளும் மருத்துவமனைக் குறிப்புகளும் அழியாமல் இருந்தன. ஆகவே ஒருவரின் பிறந்த தேதியைப் பார்த்தாலே, தாயின் வயிற்றில் எத்தனையாவது மாதத்தில் பசி அவரைத் தொட்டது என்று சொல்லிவிட முடியும். எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்யக்கூடாத, செய்ய எண்ணவும் கூசும் ஒரு பரிசோதனையை ஓர் ஆக்கிரமிப்பு அரசு செய்து முடித்திருந்தது. அதன் முடிவுகளைப் படிப்பது மட்டுமே பின்வந்தவர்களின் வேலை.

முதலில் படித்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கிளெமென்ட் ஸ்மித். போர் முடிந்த கையோடு நெதர்லாந்துக்குச் சென்று, 1947-இல் தம் ஆய்வை வெளியிட்டார். பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் பசிக்கு ஆளான குழந்தைகள் எடை குறைந்து பிறந்திருந்தன. பின்வந்த கணக்குகளின்படி அந்தக் குறைவு சுமார் 300 கிராம். இது யாரையும் வியப்பில் ஆழ்த்தவில்லை.

அடுத்து வந்தவர்கள் ஸீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் தம்பதியர். இருவரும் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் மருத்துவம் பார்த்தவர்கள்; நிறவெறி ஆட்சியை எதிர்த்ததால் 1950-களில் நாட்டை விட்டு வெளியேறி, பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். வறுமையும் அறிவுத்திறனும் பற்றிய சர்ச்சை அப்போது சூடாக நடந்துகொண்டிருந்தது. தாய் பட்டினி கிடந்தால் குழந்தையின் மூளை வயிற்றிலேயே குன்றிவிடுமா என்பதுதான் அவர்கள் எழுப்பிய வினா. நெதர்லாந்தில் 19 வயது ஆண்கள் அனைவரும் ராணுவச் சேவைக்காகச் சோதிக்கப்பட்டார்கள். சுமார் 1,25,000 இளைஞர்களின் சோதனை முடிவுகளை எடுத்துப் பார்த்து, 1972-இல் அவர்கள் அளித்த விடை: 19 வயதில் அறிவுத்திறனில் எந்தக் குறைவும் காணப்படவில்லை.

அங்கேயே நின்றிருந்தால் காப்பியத்தின் தர்க்கம் வென்றிருக்கும். ஆனால் 1976-இல் ராவெல்லி என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, ஏறத்தாழ மூன்று லட்சம் இளைஞர்களின் உடல் எடையை அவர்கள் ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. கருவின் முதல் பாதியில் பசிக்கு ஆளானவர்களிடையே உடற்பருமன் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. கருவின் கடைசி மாதங்களிலும் பிறந்த சில மாதங்களிலும் பசித்தவர்களிடையே அது குறைவாக இருந்தது. பசித்த வயிற்றில் வளர்ந்த குழந்தை பருத்த இளைஞனாவது எப்படி? பசி எப்போது வந்தது என்பதைப் பொறுத்து விளைவு நேர்மாறாவது ஏன்? இந்தக் கேள்விகளுக்கு அப்போது நிறைவான விடை இருக்கவில்லை.

*

விடையின் ஒரு பகுதி பஞ்சமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பணியாற்றிய டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர், நாட்டின் எந்தெந்தப் பகுதிகளில் மாரடைப்பால் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்ற வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாரடைப்பு வளமையின் நோய் என்பது அன்றைய பொதுக் கருத்து. ஆனால் வரைபடம் வேறு கதை சொன்னது. 1920-களில் எந்தப் பகுதிகளில் பச்சிளங்குழந்தைகள் அதிகம் இறந்தனவோ, ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பகுதிகளில்தான் மாரடைப்பும் அதிகமாக இருந்தது. 1986-இல் பார்க்கரும் கிளைவ் ஆஸ்மண்டும் இதை வெளியிட்டார்கள். குழந்தைகளைக் கொன்ற அதே வறுமை, பிழைத்த குழந்தைகளிடம் ஏதோ ஒரு பலவீனத்தை விட்டுச்சென்றிருக்க வேண்டும் என்பது அவர்களின் ஊகம்.

ஊகத்தைச் சோதிக்க, அறுபது எழுபது வயதானவர்கள் பிறந்தபோது என்ன எடை இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். அதை யார் எழுதி வைத்திருப்பார்கள்? ஹெர்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் ஒரு பெண்மணி எழுதச் செய்திருந்தார். ஈதல் மார்கரெட் பர்ன்சைட் என்ற செவிலிய அதிகாரியின் மேற்பார்வையில், 1911 முதல் அந்த மாவட்டத்தில் பிறந்த குழந்தைகளின் எடை, ஒரு வயதில் அவற்றின் எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா என்ற விவரம் எல்லாம் பேரேடுகளில் கையால் எழுதப்பட்டிருந்தன. அன்றைய குழந்தைச் சாவுகளைக் குறைக்கவே அவர் அதைச் செய்தார். எண்பதாண்டு கழித்து மாரடைப்பின் வரலாற்றை எழுத அந்தப் பேரேடுகள் பயன்படும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். 1989-இல் பார்க்கர் குழுவினர் 5,654 ஆண்களின் வாழ்வையும் சாவையும் அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை மிகக் குறைவாக இருந்தவர்களே இதய நோயால் மிக அதிகமாக இறந்திருந்தார்கள்.

1992-இல் பார்க்கரும் நிகலஸ் ஹேல்ஸும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தாயிடமிருந்து வரும் உணவு குறையும்போது கரு வெறுமனே சிறுத்துப்போவதில்லை; கிடைப்பதைச் சிக்கனமாகப் பங்கிட்டுக்கொள்கிறது. மூளைக்கு முதல் பங்கு. சிறுநீரகம், கணையம், தசை போன்றவற்றுக்கு மிச்சம். சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்குழல்கள் குறைவாக அமைகின்றன. பிறந்த பின் அவற்றைக் கூட்டிக்கொள்ள இயலாது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களின் தொகை குறைகிறது. தசைகள் சர்க்கரையை எளிதில் ஏற்காத வகையில் பழகிக்கொள்கின்றன. வெளியேயும் பஞ்சமே காத்திருந்தால் இந்த ஏற்பாடு உயிர்காக்கும். வெளியே நிறைந்த தட்டு காத்திருந்தால், சிறிய கொள்ளளவு கொண்ட உறுப்புகள் பெரிய சுமையை வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடும். நடுவயதில் அவை களைத்துப்போவதையே நாம் நீரிழிவு என்றும் உயர் ரத்த அழுத்தம் என்றும் அழைக்கிறோம்.

இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு முரண் லெனின்கிராடிலிருந்து கிடைத்தது. 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை முற்றுகையிடப்பட்ட அந்த நகரத்தின் பட்டினி, டச்சுப் பட்டினியைவிட மிகக் கொடியது. ஆனால் முற்றுகைக் காலத்தில் கருவாக இருந்தவர்களை 1990-களில் சோதித்தபோது, அவர்களிடம் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகக் காணப்படவில்லை. லெனின்கிராடில் முன்பும் பின்பும் உணவு தாராளமாக இருந்ததில்லை. ஆம்ஸ்டர்டாமின் குழந்தைகளோ பசியில் உருவாகி வளமையில் வளர்ந்தவர்கள். கேடு பசியில் மட்டும் இல்லை, பசிக்கும் நிறைவுக்கும் இடையே உள்ள பொருந்தாமையில்தான் இருக்கிறது என்று பலர் இதைப் புரிந்துகொண்டார்கள்.

*

இதற்கிடையே நெதர்லாந்தின் அந்தக் குழந்தைகள் ஐம்பது வயதை எட்டியிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா காஸ்ட்ஹவுஸ் மருத்துவமனையில் 1943 நவம்பருக்கும் 1947 பிப்ரவரிக்கும் இடையே பிறந்த 2,414 பேரின் பிறப்புக் குறிப்புகள் கிடைத்தன. டெஸ்ஸா ரோஸ்பூம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். கருவில் பசிக்கு ஆளானவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது என்று 1998-இல் தெரிந்தது. கருவின் தொடக்க மாதங்களில் பசித்தவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு இதய நோய் இருந்தது; பசி தொடாதவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கே இருந்தது என்று 2000-இல் வெளியான ஆய்வு சொன்னது. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: தொடக்க மாதங்களில் மட்டும் பசித்த குழந்தைகள் பிறக்கும்போது எடை குறைவாக இருக்கவில்லை. பிற்பகுதியில் தாய்க்கு உணவு கிடைத்ததால் எடை தேறிவிட்டது. தராசுக்குத் தெரியாத காயம் அது.

19 வயதில் அறிவுத்திறனில் குறை இல்லை என்று கண்டோம் அல்லவா? ஐம்பதுகளின் இறுதியில் அதே தலைமுறையினரைச் சோதித்தபோது, கருவின் தொடக்கத்தில் பசித்தவர்கள் கவனத்தை ஒருமுகப்படுத்த வேண்டிய ஒரு சோதனையில் பின்தங்கியிருந்தார்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளை முதல் பங்கைப் பெற்றுக்கொண்டாலும் முதுமை நெருங்கும்போது கணக்கு வேறாகத் தெரிகிறது.

பசி உடலில் எங்கே எழுதப்படுகிறது என்ற தேடலில் 2008-ஆம் ஆண்டு ஓர் அடி முன்னே வைத்தது. லூமே, ஹைமான்ஸ் ஆகியோரின் குழு, கருத்தரித்த காலத்தை ஒட்டிப் பசிக்கு ஆளானவர்களையும் அந்தப் பசி தொடாத அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் ஒப்பிட்டது. வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மீது அமர்ந்திருக்கும் வேதிக் குறிகள், பசித்தவர்களிடம் குறைந்திருந்தன. மரபணு மாறவில்லை, எந்த மரபணு எவ்வளவு பேச வேண்டும் என்று சொல்லும் நிறுத்தக்குறிகளைப் போன்றவையே மாறியிருந்தன. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மாற்றம் தெரிந்தது. 2024-இல் இவ்வகைக் குறிகளைக் கொண்டு உடல் மூப்படையும் வேகத்தை அளந்த ஓர் ஆய்வு, கருவில் பசித்தவர்கள் சற்று வேகமாக மூப்படைகிறார்கள் என்றும், பெண்களிடம் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரிகிறது என்றும் கண்டது.

அதே 2024-இல் வந்த மேலும் இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று, ஸ்டாலினின் ஆட்சியில் 1932-33-இல் உக்ரைனில் உருவாக்கப்பட்ட பெரும் பஞ்சத்தைப் பற்றியது. 1930-களில் பிறந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்களை ஆராய்ந்ததில், பஞ்சத்தின் உச்சத்தில் கருவாகி 1934-இன் முற்பகுதியில் பிறந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மற்றொன்று பிரிட்டனைப் பற்றியது. போர்க்காலத்தில் தொடங்கிய சர்க்கரை ரேஷன் அங்கே 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. உடனே சர்க்கரை நுகர்வு ஏறத்தாழ இரட்டிப்பானது. ரேஷன் நீங்குவதற்கு முன்பு கருவாகிக் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்களுக்கு, பின்னால் வந்தவர்களைவிட நீரிழிவு வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும் உயர் ரத்த அழுத்த வாய்ப்பு சுமார் 20 விழுக்காடும் குறைந்திருந்தன. பட்டினியும் தீங்கு, மிகையும் தீங்கு. கருவான நாளிலிருந்து இரண்டு வயது வரையிலான ஆயிரம் நாட்களில் இரண்டின் தடமும் ஆழமாகப் பதிகிறது.

*

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. மைசூரின் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையும் நீளமும் தலைச்சுற்றளவும் பதிவாகியிருந்தன. அங்கே பிறந்து அந்நகரிலேயே வாழ்ந்துவந்த 517 பேரைச் சோதித்து 1996-இல் ஒரு கட்டுரை வந்தது. இரண்டரை கிலோ அல்லது அதற்கும் குறைவாகப் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதய நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் அது 3 விழுக்காடு. ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் பேரேடு சொன்னதையே மைசூரின் பேரேடும் சொன்னது.

புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் இன்னொரு புதிரை அவிழ்த்தார். நீரிழிவு பருமனானவர்களின் நோய் என்று பாடநூல் சொல்ல, தம்மிடம் வரும் நோயாளிகள் பலர் ஒல்லியாக இருப்பதை அவர் கண்டார். 1993-இல் புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் கருவுற்ற பெண்களைப் பற்றிய நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். அக்குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை சுமார் 2.7 கிலோ; ஒப்பிடப்பட்ட இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உறுப்புகளும்தான். தோலுக்கடியில் இருந்த கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்த குழந்தை. 2004-இல் யாக்னிக்கும் அவருடைய ஆங்கில நண்பர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படம் ஒன்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. உடலின் கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட குழு நடத்தியது, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இந்த எண்ணைக் கேட்டதும் நமக்கு எழும் முதல் எண்ணம், மக்கள் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் தின்று கெட்டார்கள், உடலுழைப்பை விட்டார்கள் என்பது. அதில் உண்மை இருக்கிறது. தட்டில் இருக்கும் வெள்ளைச் சோற்றின் குவியலையும் நடக்க மறந்த கால்களையும் யாரும் மறைக்க முடியாது. ஆனால் அதே தட்டில் உண்டு, அதே அளவு நடந்தும் ஒருவருக்கு நாற்பது வயதில் நோய் வருகிறது, மற்றவருக்கு எழுபதிலும் வருவதில்லை. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு, அவர் பிறப்பதற்கு முன் ஒரு பெண்ணுக்குக் கிடைக்காமல் போன உணவுக்கு உரியது. நோயாளியை நோக்கி உடனே நீளும் நம் சுட்டுவிரல் கொஞ்சம் தயங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இன்று சமூக ஊடகங்களில், நம் சர்க்கரை நோய்க்கெல்லாம் தாது வருஷப் பஞ்சம் போன்ற பிரிட்டிஷ் காலப் பஞ்சங்களே காரணம் என்ற கூற்று பரவிவருகிறது. 1876-78-இல் சென்னை மாகாணத்தில் நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலியையும், அதை எதிர்த்து வாதிட்ட மருத்துவ அதிகாரி கார்னிஷையும் நாம் மறக்க வேண்டியதில்லை. அந்தக் கொடுமை கொடுமையே. ஆனால் மேலே சொன்ன சான்றுகள் அனைத்தும் பசியைக் கருவில் தாமே அனுபவித்தவர்களைப் பற்றியவை. ஐந்தாறு தலைமுறைகளைத் தாண்டி அது வந்து சேர்கிறது என்பதற்கு மனிதரிடம் இத்தகைய சான்று இல்லை. அத்துடன் அவ்வளவு பின்னால் போகவும் வேண்டியதில்லை. 1993-இல் புனே கிராமங்களில் அந்தக் குழந்தைகளைச் சுமந்த தாய்மார்களை மெலிய வைத்தது வைஸ்ராய் அல்லர்.

அதைப் போலவே, இவை விதியின் எழுத்து என்று கொள்வதும் பிழை. கருவில் பசித்த டச்சுக்காரர்களில் பெரும்பாலோருக்கு இதய நோய் வரவில்லை. கொள்ளளவு சிறிதானவர் சுமையைக் குறைத்துக்கொண்டால் நெடுநாள் நலமாக வாழலாம். உணவும் உழைப்பும் அவருக்குத்தான் மற்றவரைவிட அதிகம் பயன் தரும். ஒருவருடைய பிறப்பெடையை இன்று மாற்ற இயலாது. அடுத்த தலைமுறையின் பிறப்பெடையை மாற்ற இயலும்.

அதற்கும் சான்று உண்டு. இந்தியப் பள்ளிகளின் மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறுவயதில் பள்ளியில் மதிய உணவு பெற்ற பெண்கள் பிற்காலத்தில் ஈன்ற குழந்தைகள், வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தன என்று அது காட்டியது. தேசிய அளவில் 1995-இல் வந்த அந்தத் திட்டத்தைத் தமிழ்நாடு 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கியிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்கத்தான் இந்தச் சோறு என்று நாம் நெடுங்காலம் சொல்லி வந்திருக்கிறோம். படிப்பை விட்டுவிட்டுச் சோற்றுக்கு வருகிறார்கள் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. பத்து வயதுச் சிறுமியின் தட்டில் விழுந்த அந்தச் சோறும் முட்டையும், பதினைந்து ஆண்டு கழித்து அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் சிறுநீரகத்துக்கும் கணையத்துக்கும் இடப்படும் பங்கு என்று அப்போது யாரும் அறிந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டும் மணிமேகலையைப் பாடம் நடத்துவேன். பசிப்பிணிக்கு மருந்து சோறு என்ற தர்க்கம் இப்போதும் எனக்குச் சரியாகவே படுகிறது. அந்த மருந்து எப்போது கொடுக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் இனி மாணவர்களிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் பஞ்சம் 1945 மே மாதத்தில் முடிந்தது என்று புத்தகங்களில் இருக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் கருவாகி, இன்று எண்பது வயதைக் கடந்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் உடலில் அது இன்னும் முடியவில்லை.